பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு சல்யூட் பாட்டு மட்டும் போதுமா?

ஆகஸ்ட் 15, ஜனவரி 26 வந்தால் பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளையை மேடையேற்றி, அப்பாவை எல்லைச்சாமி என்று புகழும் பாட்டு ஒன்றைப் பாடவைத்து மிட்டாய் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அது நமக்காக எழுதிய பாட்டு, அந்தப் பிள்ளைக்காக எழுதியது இல்லை.

வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அத்தனை பேர் பட்டாளத்தில். அங்கே வளரும் பிள்ளைக்கு வீரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பாவுக்கு வருஷத்தில் 2 மாசம் ஆனுவல் லீவு. வந்த புதிதில் கிட்டே போகக் கூச்சப்பட்டு அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும், பழகித் தோளில் ஏற ஆரம்பிக்கும்போது கட்டிலுக்கு அடியில் இருந்து கறுப்பு டிரங்குப் பெட்டி வெளியே வந்துவிடும். மூடியில் வெள்ளை பெயின்டில் நம்பர், ரேங்க், பேர். உள்ளே பூட் பாலிஷ் வாசனை. குழந்தைப் பாட்டு எழுதுகிறவர்களே, இதை எழுதுங்களேன்!

ஃபீல்டு போஸ்டிங், அதாவது குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத இடத்தில் வேலை என்றால் முகவரியில் ஊர்ப் பெயரே இருக்காது, யூனிட் பெயரும் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும்தான். நான் எழுதியது இப்படி:

ஐம்பத்தாறு ஏபிஓ
அப்பா இருக்கும் ஊரு
வரைபடத்தைத் தேய்ச்சுப் பார்த்தேன்
வழியைச் சொல்ல யாரு?

அடுத்த அடியில் 'சீக்கிரம் வந்திடுவார்' என்று சேர்க்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றேன். லீவு ரத்தாவது பட்டாளத்து வீட்டில் நடக்கிற விஷயம், பாட்டு கொடுத்த வாக்கை யார் காப்பாற்றுவது?

சங்க இலக்கியமான ஐங்குறுநூற்றின் முல்லைப் பகுதியில் பேயனார், குட்டியை நடுவில் விட்டுப் படுத்த மான்களைப் போலப் புதல்வனை நடுவில் வைத்துப் பெற்றோர் படுத்திருப்பதைப் பாடியிருக்கிறார். எனக்கு உயிரான பாட்டு. ஆனாலும் அதைப் பார்த்துச் சொல்பவள் செவிலி, அந்தப் பெண்ணை வளர்த்த தாய். நடுவில் படுத்திருக்கிற பயலுக்கு எப்படி இருந்தது என்பதை அவனே சொல்ல ஒரு பாட்டு வேண்டும்.

இன்னொன்று, இது ரொம்ப முக்கியம். அப்பாவோடு குவார்ட்டர்ஸில் இருக்கும் பிள்ளைகள் போஸ்டிங் மாறும்போதெல்லாம் பள்ளி மாறுகிறார்கள். வடக்கே கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் இங்கிலீஷும் படிப்பார்கள், தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாது. புத்தகமாகப் போட்டால் அவர்களிடம் போய்ச் சேராது. அதனால் சந்தம் கெட்டியாக, நாலே அடியில், பாட்டி ஊரிலிருந்து போனில் ஒரு தடவை சொன்னாலே பிள்ளை திருப்பிச் சொல்கிற மாதிரி எழுதுங்கள். எழுதினால் வாய்ஸ் மெசேஜாக எனக்கும் அனுப்புங்கள், தெரிந்த பட்டாளத்து அம்மாக்களுக்கு நான் அனுப்பிவைக்கிறேன்.