அப்பாவிடம் பாரத்தை நீட்டும் நேரம்

சாயங்காலம் ஏழரை. மகன் பினாங்கின் பாயான் லெப்பாஸ் சாலை நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேர்கிறார். குளித்து, சாப்பிட்டு, வக்கீல் அலுவலகத்தில் கொடுத்த வீட்டுப் பாரத்தை (படிவத்தை) எழுபத்திரண்டு வயது அப்பாவின் முன்னால் விரிக்கிறார். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. பேரப்பிள்ளை பால் கேட்டு அழுகிறது. அப்பா ஒரே பக்கத்தை மூன்று தடவை படிக்கிறார். "இது எதுக்குப்பா?" என்று இரண்டாவது முறையாகக் கேட்கிறார். மகன் அடுப்படிக்குப் போய் மனைவியிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறார்: "அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கிட்டிருக்கு."

அப்பா அன்று எழுந்தது விடியற்காலை நாலரைக்கு. அவர் விழித்துப் பதினைந்து மணி நேரம் ஆகிவிட்டது. ஏழு மணிக்கு எழும் மகனுக்கு அது இரவு பத்து மணிக்குச் சமம். அந்த நேரத்தில் மகனிடம் பத்துப் பக்கச் சட்டப் பாரத்தை நீட்டினால் அவர் எத்தனை தடவை படிப்பார்?

பத்திரத்தில் கையெழுத்துப் போட ராகு காலம், எமகண்டம் எல்லாம் பார்க்கிறோம். கையெழுத்துப் போடுகிறவரின் மூளைக்கு எது நல்ல நேரம் என்று மட்டும் பார்ப்பதில்லை. வயதானவரின் கூர்மையான பொழுதை வீணாகக் கழியவிட்டு, மங்கிய பொழுதில் அவரை எடை போட்டு, "மறதி" என்று முத்திரை குத்துகிறோம். பினாங்கில் இது வீட்டுக்கு வீடு நடக்கிறது. எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் இருக்கிறது. அந்த முத்திரை விழுந்த பிறகு பெரியவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், கணக்கு வழக்கைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுகிறார்கள். பழகாத மூளை அதனாலேயே இன்னும் மங்கும்.

இரு கண்களின் நரம்புகளும் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு பகுதி இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். உயிரணுக்களுக்குள் இருக்கும் இந்தக் கடிகாரத்தின் மரபணு இயக்கத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஹால், ரோஸ்பாஷ், யங் என்ற மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனிதனின் கடிகாரம் சராசரியாக 24 மணி நேரத்தைவிடப் பத்து நிமிடம்போல நீளமாக ஓடும். அதைத் தினமும் சரிப்படுத்தி வைப்பது கண்ணுக்குள் போகும் வெளிச்சம். வயதாக ஆக, இந்தக் கடிகாரம் முன்னால் நகர்கிறது. தூக்கமும் சீக்கிரம் வரும், விழிப்பும் சீக்கிரம் வரும். பகலுக்கும் இரவுக்கும் இடையிலான ஏற்ற இறக்கமும் தட்டையாகிறது. ஆழ்ந்த உறக்கம் குறைகிறது. அன்று கற்றதை மூளை பத்திரப்படுத்துவதில் அந்த ஆழ்ந்த உறக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

1993-இல் மே, ஹாஷர், ஸ்டோல்ட்ஸ்ஃபஸ் ஆகிய மூன்று உளவியல் ஆய்வாளர்கள் இளைஞர்களையும் முதியவர்களையும் காலையிலும் பிற்பகலிலும் சோதித்தார்கள். காலையில் இரு தரப்புக்கும் நினைவாற்றலில் இருந்த இடைவெளி சிறியது. பிற்பகலில் இளைஞர்கள் ஏறினார்கள், முதியவர்கள் இறங்கினார்கள், இடைவெளி அகன்றது. பெரும்பாலான ஆய்வுகள் மாணவர்களுக்குத் தோதான பிற்பகலில்தான் நடக்கும் என்பதை யோசித்தால், முதுமை மறதி பற்றிய பேச்சில் ஒரு பகுதி கடிகாரத்தின் வேலை என்பது புரியும்.

எல்லாத் திறனும் இப்படி இறங்குவதில்லை. சொல்வளம், பழைய அறிவு, கைப்பழக்கமான வேலை ஆகியவை நாள் முழுக்க நிலையாகவே இருக்கும். சாயங்காலமும் அம்மா அளவு பார்க்காமல் ரசம் வைப்பார், ருசி மாறாது. அடிபடுவது கவனத்தை ஒன்றில் நிறுத்துவதும் தேவையற்றதைத் தள்ளிவைப்பதும் புதியதை முயன்று நினைவுக்குக் கொண்டுவருவதும். மங்கிய பொழுதில் டிவி சத்தத்தை மூளை வடிகட்டுவதில்லை, அதுவும் உள்ளே வந்து குழப்புகிறது. அதனால் முதல் வேலை, முக்கியமான எதையும் பேசும்போது டிவியை நிறுத்துங்கள். இரண்டாவது, வங்கிக் கைப்பேசிச் செயலி கற்றுக்கொடுப்பது, பத்திரம், மருத்துவரிடம் என்ன கேட்பது என்ற பேச்சு எல்லாவற்றையும் சனி ஞாயிறு காலை எட்டரையிலிருந்து பதினொன்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பசியாறிய பிறகு.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. 1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னால் தள்ளப்பட்டது. அறுபது தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும். பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக மதியம் 1:20 வாக்கில். பொழுது விடிவது ஏழு மணிக்கு மேல். நாலரைக்கு எழும் பெரியவர் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இருட்டில் இருக்கிறார். அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? கூடத்தில் எல்லா விளக்கையும் போட்டு, கைப்பேசியை முகத்துக்கு நேராகப் பிடித்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வந்த வீடியோ பார்க்கிறார். விடியலுக்கு முன் விழும் வெளிச்சம் கடிகாரத்தை மேலும் முன்னால் தள்ளும். நாலரை, நாலு ஆகும். சாயங்கால மந்தம் இன்னும் சீக்கிரம் வரும்.

"பெரியவர்கள் காலை வெயிலில் நடக்க வேண்டும்" என்று எல்லாரும் எல்லாருக்கும் சொல்கிறார்கள். ஐந்தரை, ஆறுக்கு எழுந்து இரவு பத்துவரை தாக்குப்பிடிப்பவருக்கு அது நல்ல அறிவுரை. எட்டு மணிக்கே நாற்காலியில் தலை சாய்ந்து, மூன்றரைக்கு விழித்துக்கொள்பவருக்கு அது தலைகீழ் மருந்து. அவருக்கு வேண்டியது சாயங்கால வெளிச்சம். ஐந்தரையிலிருந்து ஏழுவரை வெளியில் இருக்கட்டும். எஸ்பிளனேட் கடலோரத் திடலோ, தண்ணீர்மலைப் பூங்காவோ, மழை பெய்தால் அஞ்சடியில் (கடைவீட்டு முகப்பு நடைபாதையில்) நாற்காலியோ போதும். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளக்கிறார்கள். மேகம் மூடிய வானமே பல ஆயிரம் லக்ஸ் தரும், கூடத்துக் குழல்விளக்கு பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான். காலையில் எழுந்தாலும் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று போதும். வழுக்கி விழாத அளவுக்கு வெளிச்சம் இருக்க வேண்டும், குளியலறையில் இதைச் சிக்கனம் பண்ண வேண்டாம். கடிகாரத்தை நகர்த்த இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். நான்கு நாள் செய்துவிட்டுப் பலனில்லை என்பதில் அர்த்தமில்லை.

கண்புரையையும் பாருங்கள். கடிகாரத்தை அதிகம் அசைப்பது 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளி. வயதில் மஞ்சளாகும் கண் லென்ஸ் முதலில் தடுப்பதும் அதைத்தான். "இன்னும் பார்வை தெரியுதே" என்று அறுவை சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடும்போது இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது நல்ல பொழுது என்று ஊகிக்க வேண்டாம், பார்த்துவிடலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பத்துச் சொற்கள் எழுதுங்கள்: வாளி, கப்பல், மல்லிகை, சாவி, பாலம், தயிர், குடை, ஆடு, சட்டை, விளக்கு. இரண்டு விநாடிக்கு ஒன்றாக வாசியுங்கள், உடனே திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். இருபது நிமிடம் வேறு பேச்சு பேசிவிட்டு மறுபடி கேளுங்கள், எண்ணிக்கையை நேரத்தோடு குறித்துவையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே தடவைதான். திங்கள் காலை ஒன்பது, புதன் பிற்பகல் மூன்று, வெள்ளி இரவு ஏழு, அடுத்த வாரம் வரிசையை மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய பட்டியல் வேண்டும். பழையதைக் கேட்டால் மனப்பாடத்தைச் சோதிக்கிறீர்கள், ஒரே நாளில் மூன்று பட்டியல் கொடுத்தால் ஒன்றோடொன்று கலந்துவிடும். காது மந்தம் உள்ளவர் காதுக்கருவியைப் போட்டுக்கொள்ளட்டும், இல்லையென்றால் நீங்கள் அளப்பது காதைத்தான். முதல் நாள் கணக்கில் வேண்டாம். ஒரு சொல் கூடக் குறைய வருவதைப் பொருட்படுத்தாதீர்கள். இரண்டு மூன்று சொல் வித்தியாசம் எப்போதும் ஒரே திசையில் வந்தால் அது பேசுகிறது. இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை இல்லை, பொழுதைக் கண்டுபிடிக்கும் சோதனை.

கிளினிக்கிலும் இதே தவறு நடக்கிறது. வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்கக் காலை எட்டுக்குப் போய், எண் எடுத்து, காத்திருந்து, பன்னிரண்டரைக்கு மோக்கா (MoCA) என்ற 30 புள்ளி நினைவுச் சோதனையை எழுத வைத்தால் வரும் மதிப்பெண்ணை என்னவென்று சொல்வது? அதில் 26 என்பது எல்லைக்கோடு. களைப்பும் பசியும் இரண்டு புள்ளியைத் தின்றால் ஆள் கோட்டுக்குக் கீழே. ரத்தச் சோதனையை வேறு நாளில் வையுங்கள். நினைவுச் சோதனைக்குக் காலை நேரம் கேளுங்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பச் செய்யும்போதும் அதே நேரம் கேளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவரிடம் மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்டால் மொழியறிவைத்தான் அளக்கிறார்கள், தமிழில் கேட்கச் சொல்லுங்கள்.

கோப்பி விஷயம். அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், பிற்பகல் நான்கு மணிக்கு முதியவர்களின் நினைவாற்றல் இறங்கியது, கேஃபீன் உள்ள கோப்பி குடித்தவர்களுக்கு அந்த இறக்கம் இல்லை. அதற்காக மூன்றரைக்குக் கோப்பி ஓ (பால் சேர்க்காத கோப்பி) ஊற்றிக் கொடுத்துவிடாதீர்கள். கேஃபீன் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். நம் கடைக் கோப்பியில் பெரும்பாலும் ரொபஸ்டா கொட்டை, அதில் கேஃபீன் அராபிக்காவைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. ஒன்றரை மணிக்கு ஒரு கப், அதோடு சரி. மதியத் தூக்கம் இருபது, முப்பது நிமிடம், மூன்று மணிக்கு முன். ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்தவர் அரை மணி நேரம் பிரமை பிடித்தவர்போல் இருப்பது மறதி நோய் ஆகாது, ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழுந்ததன் விளைவு.

மருந்துப் பையையும் கவிழ்த்துப் பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் வாங்கும் குளோர்பெனிரமின் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் மறதியையும் உண்டாக்கும். சிறுநீரைக் கூட்டும் நீர் மாத்திரையை இரவில் போட்டால் நான்கு தடவை எழ வேண்டிவரும், ஆழ்ந்த தூக்கம் உடையும். இனிப்புநீருக்கு ஆண்டுக்கணக்கில் மெட்பார்மின் எடுப்பவருக்கு வைட்டமின் பி12 குறையலாம், அந்தக் குறைவும் மறதியாகத் தெரியும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்தாளரிடம் பையோடு போய், எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றலாம் என்று கேளுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு இரவு ஜாகா (காவலாளி) வேலைக்குப் போகும் ஆண்கள் நம்மில் நிறைய. பிரான்சில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு 2014-இல் வெளியானது. பத்து ஆண்டுக்கு மேல் மாறி மாறி ஷிப்ட் பார்த்தவர்களின் மூளைத்திறன், 6.5 வயது கூடியவர்களுடையதைப்போல இருந்தது. விட்டபின் மீள ஐந்து ஆண்டாவது ஆனது. குடும்பச் செலவுக்காகப் போகிறவரைப் போகாதே என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பகல் ஷிப்ட் கேட்டு வாங்க முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால் வாரா வாரம் மாறும் ஷிப்டைவிட ஒரே நிலையான நேரம் மேல்.

கடிகாரத்தின் மேல் பழியைப் போட முடியாதவையும் இருக்கின்றன. காலை ஒன்பது மணிக்கே ஒரே கேள்வி ஐந்து தடவை வருவது, முப்பது ஆண்டு நடந்த லோரோங்கில் (சந்தில்) வழி தவறுவது, பத்து ரிங்கிட்டுக்கு மீதி எண்ண முடியாமல் தடுமாறுவது. இவை இருந்தால் மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் போங்கள், உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இரண்டு நாளில் ஆள் தெரியாமல் உளறினால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, சர்க்கரை இறங்குவது, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே "அப்பாவுக்கு மறதி" என்று சொல்லிவிடாதீர்கள். எந்தக் கிழமை, எத்தனை மணிவரை நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லி, மருந்துப் பையைக் கையில் கொடுங்கள்.