மீட்டர் இல்லாத இடமெல்லாம் நேர வரம்பில்லாத இடம் அல்ல

"ஜெர்மனியில் வாகன நிறுத்தக் கட்டண மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காரை நிறுத்தலாம்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதை நம்பி யாரும் அபராதம் கட்ட வேண்டாம். கட்டணம் இல்லை என்பதும் நேர வரம்பு இல்லை என்பதும் ஒன்றல்ல. வாகன நிறுத்தப் பலகையின் கீழே கடிகார முகம் போட்ட நீல நிற அட்டையின் படம் இருந்தால், 11 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட அதே அட்டையை, வெளியிலிருந்து படிக்கும்படி முன்கண்ணாடிக்குள் வைக்க வேண்டும்.

நம்மவர்கள் தடுமாறுவது அதில் நேரத்தைக் குறிப்பதில்தான். வந்து சேர்ந்த நேரத்தை அப்படியே வைக்கக்கூடாது. அதற்கு அடுத்து வரும் அரைமணிக் கோட்டில் முள் நிற்க வேண்டும். 10.10க்கு வந்தால் 10.30, இரண்டு மணி நேர இடமென்றால் 12.30 வரை நிற்கலாம். காரை எடுக்காமல் முள்ளை மட்டும் திருப்பி வைப்பதும் விதிமீறலே. அட்டை வைக்க மறந்தாலும் நேரம் கடந்தாலும் அபராதம் 20 யூரோவில் தொடங்கி 40 யூரோ வரை போகும்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கடைக்காரரிடம் "அஞ்சு நிமிஷம்ணே" என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுப் பழகிய என் மருமகன், ஜெர்மனியில் அந்த நீல அட்டையை வாடகைக் காரின் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். அபராதத்தோடு, வாடகை நிறுவனத்தின் தனிக் கட்டணமும் அவர் தண்டையார்பேட்டைக்குத் திரும்பிய பிறகே கிரெடிட் கார்டில் கழிந்தது.