அந்தப் பிள்ளை கேட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நேரில் வராதவர்களும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். காரைக்குடி வாட்ஸ்அப் குழு ஒன்று பாக்கியில்லாமல் சுற்றிவிட்டதே. ஆராய்ச்சி படிக்கிற பிள்ளை ஒன்று மைக்கைப் பிடித்து, "உங்கள் போன் நம்பர், பிறந்த தேதி, ஆதார் நகல் எல்லாம் எங்கெங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்று இந்தப் படிவத்தில் குறித்துக் கொடுங்கள், பெயர் எழுத வேண்டாம்" என்று கேட்டது. மேடையில் இருந்த பெரியவர், "ஓடிபியைச் சொல்லாதே என்று சொல்ல டாக்டர் பட்டம் எதுக்கு? அதை என் பேரனே சொல்லுவான்" என்றார். மண்டபமே சிரித்தது. அந்தப் பிள்ளை படிவங்களை அடுக்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போனது.

பேசாமல் இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

பெரியவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஊருக்கு நிறையச் செய்திருக்கிறார். ஆனால் அவர் அந்தப் பிள்ளை கேட்டதைக் காதில் வாங்கவே இல்லை. ஓடிபியைச் சொல்லாதே என்று அது பாடம் நடத்த வரவில்லை. நம் விவரம் யார் யாரிடம் இருக்கிறது, அங்கிருந்து எங்கே போகிறது என்றுதான் கேட்டது. ஏமாந்தவர் யார் என்பது போலீஸ் கேட்கிற கேள்வி. அவரைப் பற்றிய விவரத்தைத் திருடனுக்குக் கொடுத்தது யார் என்று கேட்பதுதான் அந்தப் பிள்ளையின் படிப்பு.

இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1990களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர், முகவரியை எடுத்துவிட்டு ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, அதனால் பயமில்லை என்றார் அப்போதைய ஆளுநர் வில்லியம் வெல்ட். அதே மாநிலத்தில் உள்ள எம்ஐடி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லதான்யா ஸ்வீனி என்ற மாணவி, ஆளுநர் குடியிருந்த கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு, இந்த மூன்றை மட்டும் இரண்டு பட்டியலிலும் ஒப்பிட்டார். ஆளுநரின் மருத்துவப் பதிவே கைக்கு வந்துவிட்டது. அதை அவருடைய அலுவலகத்துக்கே அனுப்பியும் வைத்தார். அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரை இந்த மூன்று விவரத்தைக் கொண்டே தனித்து அடையாளம் காட்டிவிடலாம் என்று பிறகு கணக்கிட்டுச் சொன்னார். இதற்கு அவர் யாருடைய பாஸ்வேர்டையும் உடைக்கவில்லை. யாரிடமும் ஓடிபி கேட்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் கதை வேண்டாம் என்றால், சென்னை ஐஐடியில் படித்த அரவிந்த் நாராயணன் இருக்கிறார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தபோது, சுமார் 5 லட்சம் பேர் படங்களுக்குக் கொடுத்து, நெட்பிளிக்ஸ் நிறுவனம் பெயரை நீக்கி வெளியிட்ட மதிப்பெண்களில் இருந்து ஆட்களைக் கண்டுபிடிக்க முடியும் என்று தன் பேராசிரியர் விட்டாலி ஷ்மாட்டிகோவுடன் சேர்ந்து 2008இல் காட்டினார். இப்படிப்பட்ட வேலையைத்தான் மண்டபத்தில் கேலி செய்தோம்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். ஆதார் நகல் மங்கலாக விழுந்தால் அதை மேசையிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். நான் கிழித்துப் போடுவேன். எல்லாக் கடையிலும் கிழிக்கிறார்களா? கொஞ்ச நாள் முன்பு சாயங்காலம் மசால் சீயம் வாங்கி வந்து பிரித்தேன். கட்டிக் கொடுத்த தாளில், எண்ணெய்க் கறைக்கு நடுவே யாரோ ஒரு அம்மாவின் பேங்க் பாஸ்புக் முதல் பக்கம். பெயர், கணவர் பெயர், கணக்கு எண், போட்டோ எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அந்த அம்மாவுக்கு நாளைக்கு ஒரு போன் வந்தால், அவர் ஏமாந்தார் என்றுதானே சொல்லுவோம்?

என் சின்னாத்தாவையும் அப்படித்தான் சொன்னார்கள். பெரிய வீட்டில் தனியாக இருப்பவர். மகன் சிங்கப்பூரில். கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த சமயத்தில் போன் வந்தது. "ஆச்சி" என்றுதான் கூப்பிட்டானாம். எந்தக் கண்ணில் ஆபரேஷன், என்றைக்கு நடந்தது, மகன் பெயர் என்ன, எல்லாம் சரியாகச் சொல்லியிருக்கிறான். இன்சூரன்ஸ் பாக்கி உங்கள் கணக்கில் ஏற வேண்டும், ஒரு நம்பர் வரும், சொல்லுங்கள் என்றிருக்கிறான். சொன்னார். சேமிப்பில் இருந்தது போய்விட்டது. வெட்கத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. விஷயம் எங்களுக்குத் தெரிந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது காலம் கடந்துவிட்டது.

அவர் விவரம் தெரியாதவர் இல்லை. தன் அப்பச்சியின் மலேயாக் கடைப் பேரேட்டைக் கூட்டிச் சரிபார்த்தவர். என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏன்யா, எந்தக் கண்ணுன்னுகூடச் சொன்னானே, அவனை எப்படி நம்பாம இருக்கிறது?"

இதற்கு நம்மில் யாரிடம் பதில் இருக்கிறது? அந்த விவரம் ஆஸ்பத்திரியில் இருந்து போனதா, இன்சூரன்சில் இருந்தா, நடுவில் வேறு யாராவது விற்றார்களா? எனக்குத் தெரியாது. கண்டுபிடிக்கும் வழியும் தெரியாது. அந்தப் பிள்ளை மாதிரி நாலு பேர் உட்கார்ந்து படித்தால்தான் தெரியவரும். ஆனால் உறவுக்காரர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. "இந்தக் காலத்திலும் இப்படியா ஏமாறுவாங்க" என்றார்கள். அதன் பிறகு சின்னாத்தா விசேஷங்களுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கேட்ட சிரிப்பும் அதே சிரிப்புதான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

"எனக்கு ஒளிக்க ஒன்றுமில்லை" என்று சிலர் வருவீர்கள். சின்னாத்தாவுக்கும் ஒளிக்க ஒன்றுமில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது திருடர்களுக்காக இல்லை.

"பல்கலைக்கழகக்காரர்கள் மட்டும் யோக்கியமா, கேம்பிரிட்ஜில் நடந்தது மறந்துபோச்சா" என்று ஒரு தம்பி ஏற்கெனவே கேட்டுவிட்டார். மறக்கவில்லை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் அலெக்சாண்டர் கோகன் குணத்தைச் சோதிக்கிற செயலி என்று பேஸ்புக்கில் ஒன்றை விட்டார். அதன் வழியாக 8 கோடியே 70 லட்சம் பேர் வரை விவரம் கைமாறியிருக்கலாம் என்று 2018இல் பேஸ்புக்கே சொன்னது. நியாயமான பயம்தான். அதற்காகத்தான் அந்தப் பிள்ளை பெயர் எழுத வேண்டாம் என்றது. பெயர் கேட்காமல் வந்தவரைச் சிரித்து அனுப்பிவிட்டு, கடன் தருகிறேன் என்கிற செயலிக்கு மொத்த போன் புத்தகத்தையும் திறந்து கொடுக்கிறோம்.

"இதெல்லாம் கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும், நம் ஊரில் எதற்கு" என்பவர்களிடம்தான் எனக்குக் கோபம் அதிகம். விவரத்தை வைத்துச் சம்பாதிக்கிற கம்பெனி, தானே தன்னைக் குற்றம் சொல்லி ஆராய்ச்சி செய்யுமா? மின்வேதியியல் என்றால் என்னவென்று அன்றைக்கு இந்த ஊரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. "பேட்டரியைப் பற்றிப் படிக்க ஒரு நிலையமா" என்று அவர் மேடையேறிக் கேலி செய்யவில்லை. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு ஆராய்ச்சி மாணவியை மைக்கில் அவமானப்படுத்துகிறோம். எனக்கு ஆறவே இல்லை.

சரி, இனி ஆக வேண்டியதைச் சொல்கிறேன். அந்தப் பிள்ளையின் படிவங்களைக் கேட்டு வாங்கி என் கடையில் வைத்திருக்கிறேன். நிரப்ப விருப்பம் உள்ளவர்கள் வாருங்கள், நகலுக்குக் காசு வேண்டாம். அப்புறம், நம் ஊர் குடும்ப டைரக்டரி பிடிஎப் ஆகச் சுற்றுகிறதே, அதில் வீட்டுக்கு வீடு பெயர், பிறந்த தேதி, போன் நம்பர், பிள்ளைகள் இருக்கிற வெளிநாடு வரைக்கும் இருக்கிறது. ஸ்வீனிக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம். அடுத்த பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் பிறந்த தேதியையும், தனியாக இருக்கும் வயதானவர்களின் நம்பரையும் எடுத்துவிடுவீர்களா? கமிட்டியில் இருப்பவர்கள் யாராவது இங்கேயே பதில் சொல்லுங்கள்.