லேடர் மட்டும் போதாது அண்ணே
“தினமும் 10 நிமிஷம் லேடர் பயிற்சி செய்தால் போதும், கபடியில் சட்டென்று திரும்பலாம்” என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை அண்ணே. லேடர் என்பது தரையில் விரித்து, கட்டத்துக்குக் கட்டம் கால் மாற்றி ஓடும் ஏணி; அதில் அடுத்த கால் எங்கே விழும் என்று முன்னாடியே தெரியும். ரெய்டில், அதாவது எதிரணிப் பக்கம் பாடிப் போகும்போது, தெரியாதே! 30 விநாடிக்குள், கார்னரில் (ஓரத்தில்) நிற்கும் எதிரணிக்காரர் அசைவதைப் பார்த்துத்தான் திரும்பணும்.

அதைவிட முக்கியம், திரும்புவதற்கு முன்னால் வேகத்தை அடக்கணும். இடுப்பைத் தாழ்த்தி, வெளிக்காலை அகல ஊன்றி, மொத்த வேகத்தையும் தொடை தாங்கணும். யாரும் தொடாமலே முட்டி ஜவ்வு கிழிவது பெரும்பாலும் இந்த மாதிரி நொடியில்தான். ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னே வைத்து முட்டி மடக்கி இறங்குவது), குதித்து இறங்கி அசையாமல் நிற்பது, இவைதான் அந்த பிரேக் பலத்தைத் தரும்.

லேடரை வார்ம்-அப்போடு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எதிரே ஒரு ஆளை நிறுத்தி, அவர் பாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் வெட்டித் திரும்பிப் பழகுங்கள்.