மீன் மாத்திரையும் இரண்டு நாள் நடவுக் கூலியும்

போன புரட்டாசி. மதியம் மூன்று மணி இருக்கும். நடவு முடிந்து வயலிலிருந்து நேராக வந்திருந்தார் அந்த அக்கா. முழங்காலுக்குக் கீழே சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கல்லாமேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்தார். கோடு போட்ட நோட்டில் கிழித்த தாள். நீல மையில் 'ஒமேகா 3, தினம் ஒன்று' என்று மட்டும் எழுதியிருந்தது.

"தம்பி, இந்த மீன் மாத்திரை இருக்கா? பேரப்பய ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குறானாம். டீச்சரம்மா எழுதிக் குடுத்தாங்க. இதப் போட்டா புத்தி நெலைக்குமாம்."

அறுநூற்று நாற்பது ரூபாய் என்றேன். ஒன்றும் பேசாமல் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். நான்கு நூறு ரூபாய்த் தாள், மீதி ஐம்பதும் இருபதுமாக. இரண்டு நாள் நடவுக் கூலி. நான் எண்ணி வாங்கிப் போட்டுக்கொண்டு பாட்டிலைக் கொடுத்தேன். படி இறங்கப் போனவர் திரும்பி வந்து, "புரட்டாசியாச்சே, வீட்டுல கவுச்சி கெடையாது. சனிக்கெழம மட்டும் குடுக்காம இருந்தா பலிக்காதா தம்பி?" என்று கேட்டார்.

திருத்துறைப்பூண்டியில் பதினெட்டு வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். அந்தக் கேள்வி அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை. தினமும் தவறாமல் கொடுத்தாலே பலிக்குமா என்பது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் மெடிக்கல் ரெப் கொடுத்துவிட்டுப் போன வழவழத் தாளில் இருந்தது மட்டும்தான். அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதுகிறேன். பிள்ளை வைத்திருப்பவர்களும் வாத்தியார்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த நம்பிக்கை ஆதாரமே இல்லாமல் முளைத்ததில்லை. மூளையின் கொழுப்பில் டி.எச்.ஏ. என்கிற ஒமேகா 3 கொழுப்பு அமிலம் நிறைய இருக்கிறது. நம் உடம்பு அதைத் தானாகச் செய்துகொள்வது ரொம்பக் குறைவு, சாப்பாட்டில்தான் வரவேண்டும். துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகளின் ரத்தத்தில் இந்த அமிலங்கள் குறைவாக இருப்பதை 1990களிலேயே அமெரிக்காவில் கண்டார்கள். 2005இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் 117 பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு மீன் எண்ணெய் கலந்த மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெற்று மாத்திரை. மூன்று மாதத்தில் எண்ணெய் சாப்பிட்ட பிள்ளைகள் வாசிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் நடத்தையிலும் முன்னேறினார்கள். உலகம் முழுக்கப் பேசினார்கள். இன்றைக்கும் பாட்டில் விற்கிறவர்கள் மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் சொல்வதில்லை. வாசிப்பில் பின்தங்கிய 362 பிள்ளைகளுக்கு ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பாசியிலிருந்து எடுத்த டி.எச்.ஏ.வைத் தினம் 600 மில்லிகிராம் வீதம் பதினாறு வாரம் கொடுத்து, 2012இல் முடிவை வெளியிட்டார்கள். மொத்தமாகப் பார்த்தால் வாசிப்பில் வித்தியாசம் இல்லை. ரொம்பவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளிடம் மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோர் நடத்தை தேறியிருக்கிறது என்றார்கள், ஆசிரியர்கள் அப்படிச் சொல்லவில்லை. சரி, அந்தப் பின்தங்கிய பிள்ளைகளை மட்டுமே வைத்துப் பார்ப்போம் என்று 376 பேரோடு மறுபடியும் செய்தார்கள். 2018இல் வந்த முடிவு, வாசிப்பிலும் இல்லை, நடத்தையிலும் இல்லை. முதலில் நல்ல சேதி சொன்னவர்கள் அந்தக் குழுவிலேயே இருந்துகொண்டு, பலிக்கவில்லை என்பதையும் மறைக்காமல் அச்சில் போட்டார்கள். அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

கவனக் குறைவும் அடங்காத துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறுக்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர். அது இருப்பதாக மருத்துவர் உறுதி செய்த பிள்ளைகளைப் பற்றி 37 ஆய்வுகளைத் திரட்டி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2023இல் வந்தது. பெற்றோர் கண்ணால் பார்த்துச் சொன்ன கவனக் குறைவிலும் துறுதுறுப்பிலும், எண்ணெய் சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அதில் உறுதியாகத் தேறிய சங்கதி. 2011இல் இன்னொரு தொகுப்பு, பலன் உண்டு, ஆனால் சிறியது, மருந்தோடு ஒப்பிட்டால் ரொம்பக் குறைவு என்றது. தைவானில் 92 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ரத்தத்தில் ஈ.பி.ஏ. என்கிற ஒமேகா 3 குறைவாக இருந்தவர்களுக்குக் கவனம் தேறியது. ஏற்கெனவே அதிகமாக இருந்தவர்களோ அவசர புத்தி விஷயத்தில் வெற்று மாத்திரைக்காரர்களைவிடப் பின்தங்கிப் போனார்கள். அப்படியானால் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே சீட்டு எழுதிக் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

இனி பாட்டிலுக்கு வருவோம். முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம் என்று இருக்கும். அது மீன் எண்ணெயின் மொத்த எடை. பின்பக்கம் திருப்பி, கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். சாதாரணமாக விற்கும் வகையில் ஈ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 மில்லிகிராம், அவ்வளவுதான். தைவானில் தினம் 1200 மில்லிகிராம் ஈ.பி.ஏ. கொடுத்தார்கள். அந்த அளவுக்கு இந்த மாத்திரை ஒரு நாளைக்கு ஏழு வேண்டும். தினம் ஒன்று என்று எழுதிய சீட்டு எந்த ஆய்வோடும் ஒட்டாது. இதைப் படித்துவிட்டு யாரும் ஏழு கொடுத்துவிடாதீர்கள், கணக்குக்காகச் சொன்னேன். இன்னொன்று, காட் லிவர் ஆயில் என்று வரும் மஞ்சள் குண்டு மாத்திரை வேறு. அது மீனின் ஈரலில் எடுத்தது, வைட்டமின் ஏ இருக்கும், அளவு மீறினால் ஈரலில் தங்கிக் கெடுதல் செய்யும். இரண்டையும் மீன் மாத்திரை என்றே கேட்கிறார்கள்.

அதே லேபிளில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். சட்டப்படி இது உணவுப் பொருள். ஏ.டி.எச்.டி.க்கு நிஜமாகவே வேலை செய்யும் மெத்தில்ஃபெனிடேட் என் கடையில் கிடையாது. அது அட்டவணை எக்ஸ் மருந்து, தனி உரிமம் வேண்டும். மருத்துவர் இரண்டு பிரதி எழுத வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரமாக வைக்க வேண்டும். அத்தனை பூட்டும் தேவைதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேலை செய்கிற மருந்து அத்தனை பூட்டுக்குப் பின்னால் இருக்க, வேலை செய்யுமா என்றே தெரியாத பாட்டில் கல்லாவுக்குப் பக்கத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. பார்க்கிற ஏழைத் தாய் எதை எடுப்பாள்?

மொரிஷியஸ் தீவில் 200 பிள்ளைகளுக்கு ஆறு மாதம் பழச்சாறு கொடுத்தார்கள், பாதிப் பேர் சாற்றில் ஒரு கிராம் ஒமேகா 3. 2015இல் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் பெற்றோர் சொன்னபடி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுமே நடத்தையில் தேறியிருந்தார்கள். நிறுத்தி இன்னும் ஆறு மாதம் கழித்து, ஒமேகா 3 குடித்தவர்களிடம்தான் அது நிலைத்தது. எண்ணெய்க்குச் சாதகமான ஆய்வு இது, ஒளிக்காமல் சொல்கிறேன். எனக்கு நெஞ்சில் தைத்தது வெறும் சாறு குடித்த பிள்ளைகளும் தேறினார்கள் என்பதுதான். என் எண்ணம் இது: தினம் ஒரு வேளை பெரியவர்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று, கையில் கொடுத்து, குடித்தானா என்று முகத்தைப் பார்க்கிறார்கள். நம் வீடுகளில் நாற்று நடப் போய் இருட்டித் திரும்பும் ஆத்தாவுக்கு அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை.

நம் பக்கத்துப் பிள்ளைகள் உட்காராமல் போவதற்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21இல் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து குறைந்த பிள்ளைக்குக் கவனம் நிற்காது. வாராவாரம் பள்ளியில் இலவசமாகத் தரும் இரும்புச்சத்து மாத்திரையை, பள்ளிச் சுவர் ஓரம் மழையில் கரைந்து கிடக்க நான் பார்த்திருக்கிறேன். பசியும் அப்படித்தான். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுக்க விரிவாக்கியது இங்கே பக்கத்தில் திருக்குவளையில்தான். வயிறு நிறைந்த பிள்ளை எப்படி உட்காருகிறது என்று எந்தத் தொடக்கப்பள்ளி டீச்சரையும் கேட்டுப் பாருங்கள்.

மீன் வேண்டுமென்றால் மீனே வாங்குங்கள். கோடியக்கரையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வண்டியில் வரும் மத்தி, கானாங்கெளுத்தி இரண்டிலும் ஒமேகா 3 தாராளம். ஏழை மீன் என்று மத்தியை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்த அறுநூற்று நாற்பதுக்கு எத்தனை வாரம் குழம்பு வைக்கலாம். மத்தி தின்றால் மதிப்பெண் வரும் என்று நான் சொல்லவில்லை. உடம்புக்கு நல்லது, வீடே சேர்ந்து சாப்பிடும். சைவ வீடுகளில் ஆளிவிதை கொடுக்கலாம், ஆனால் அதில் இருப்பது வேறு வகை, உடம்பு அதை டி.எச்.ஏ. ஆக்குவது சொற்பம். அதற்காக யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து அந்த அக்கா காலிப் பாட்டிலோடு வந்தார். "ஒண்ணும் தெரியல தம்பி. ஒருவேள ரெண்டா குடுக்கணுமோ?" என்றார். வேண்டாம் அக்கா என்று உட்காரவைத்துப் பேசினேன். பையனுக்கு வயசு எட்டு. வீட்டிலும் அப்படியா, பள்ளியில் மட்டுமா, எத்தனை நாளாக என்று கேட்டேன். ஏ.டி.எச்.டி. என்றால் இரண்டு இடத்திலும் தெரிய வேண்டும், ஆறு மாதமாவது இருக்க வேண்டும், பார்த்துச் சொல்ல வேண்டியது மருத்துவர். முன்பு வாங்கிய பணத்தை நீட்டினேன், வாங்க மறுத்துவிட்டார். அந்த டீச்சருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன்: "மாத்திரைப் பெயர் வேண்டாம் அம்மா, வகுப்பில் நீங்கள் பார்த்ததை எழுதித் தாருங்கள், திருவாரூர் மருத்துவக் கல்லூரியில் காட்டப் போகிறார்கள்."

நாலு நாளில் பதில் வந்தது. அதே கோடு போட்ட தாள், அதே நீல மை, இந்த முறை இரண்டு பக்கம். கணக்கு வகுப்பில் பத்து நிமிடத்தில் மூன்று முறை எழுந்திருக்கிறான். பென்சிலைக் கடிக்கிறான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிறான், பாதி நேரம் சரியாகச் சொல்கிறான். சத்துணவு முட்டையைப் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுகிறான். கரும்பலகையைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்குகிறான், இதை இப்போது கவனித்துப் பார்த்தபோதுதான் கண்டேன் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார். அந்த வரியின் கீழ் நான் சிவப்பு மையில் கோடு போட்டு, தாளை மடித்து அக்காவிடம் கொடுத்தேன். திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு திருவாரூர் போனார்.