ஒரு ஆட்டத்தில் இறங்கினாலே ஓராண்டு போய்விடுமா?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் மாற்று குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் வீரர்) ஒரு ஆட்டத்தில் இறங்கினாலே அவருடைய ஒரு பருவம் கணக்கில் கழிந்துவிடும், அதனால்தான் பயிற்சியாளர்கள் அவரை வெளியே உட்கார வைக்கிறார்கள் என்ற தகவல் பரவுகிறது. இது தவறு.

ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவம் ஆடலாம் என்பதுதான் அடிப்படைக் கணக்கு. ஆடாமல் ஒதுக்கி வைக்கும் ஆண்டுக்கு ‘ரெட்ஷர்ட்’ என்று பெயர். முன்பு ஒரே ஒரு ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒரு நகர்வு) ஆடினாலும் அந்தச் சலுகை பறிபோகும். காயத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2018-இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு இதை மாற்றி, பருவம் கழியாமல் நான்கு ஆட்டங்கள் வரை ஆட அனுமதித்தது. ஆனால் கவனம் தேவை: எண்ணப்படுவது ஆட்டம்தான், நிமிடம் அல்ல. ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் பந்தை வாங்கி, நேரத்தைக் கழிக்க முழங்காலிட்டாலும் பருவம் கழிந்துவிடும்.

அதே 2018-இல் கிளெம்சன் பல்கலைக்கழக அணியில் நடந்ததைப் பாருங்கள். முதல் நான்கு ஆட்டங்களைக் குவார்ட்டர்பேக்காகத் தொடங்கியவர் கெல்லி பிரையன்ட். ஐந்தாவதுக்கு முன் முதலாமாண்டு மாணவர் டிரெவர் லாரன்ஸுக்கு அந்த இடம் போனது. பிரையன்ட் உடனே விலகினார்; நான்கோடு நின்றதால் அந்தப் பருவம் அவருக்கு மிஞ்சியது, 2019-இல் மிசௌரி பல்கலைக்கழகத்துக்கு ஆடினார்.

விலகலின் விலையை அணி அந்த வாரமே உணர்ந்தது. சிராக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் காயப்பட, பிரையன்ட் இல்லாததால் மாற்று குவார்ட்டர்பேக் சேஸ் பிரைஸ் இறங்கினார். நான்காவது டவுன் (பந்தை முன்னேற்றும் கடைசி முயற்சி), ஆறு யார்டு தேவை என்ற நெருக்கடியில் டீ ஹிக்கின்ஸுக்கு 20 யார்டு வீசினார். 94 யார்டு கடந்து வந்த டச் டவுனில் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுசென்று புள்ளி பெறுவது) கிளெம்சன் 27-23 என வென்றது.