சில்லத்துக்கு ஒற்றை வரிதானா?

மீரா நாயர் இயக்கிய 'சலாம் பாம்பே' படத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதை 'நம்பிக்கையூட்டும் படம்' என்று முடிக்கும் அந்தக் கட்டுரை, தெருவில் தேநீர் விற்கும் சிறுவன் கிருஷ்ணாவையே சுற்றி வருகிறது. அவனுடைய நண்பன் சில்லத்துக்கு ஒரே வரி; அதிலும் 'போதையால் அழிந்தவன்' என்ற முத்திரை. சில்லமாக வரும் ரகுவீர் யாதவின் நடிப்புக்கு இது அநியாயம்.

போதை வியாபாரி பாபாவுக்காகப் போதைப் பொட்டலம் விற்பவன் சில்லம். அந்தப் பொடிக்கே அடிமையும் அவன்தான். பிழைப்பும் அடிமை விலங்கும் ஒரே கையிலிருந்து வருகின்றன. பாபா விரட்டிவிட்டதும் அவனுக்கு மிஞ்சுவது சிறுவன் கிருஷ்ணா மட்டுமே. ஊர் திரும்ப 500 ரூபாய் சேர்க்கப் பாடுபடுகிறான் அவன். அந்தச் சேமிப்பைத் திருடிப் போதையேற்றிச் செத்துப்போகிறான் சில்லம். ஆனாலும் அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதற்குள் மீரா நாயர் இருவரையும் அண்ணன் தம்பியாகவே ஆக்கிவிடுகிறார்.

1988 கான் திரைப்பட விழா விருதைச் சொன்ன கட்டுரையாளர், தெருப் பிள்ளைகளுக்குப் பட்டறை நடத்தி நடிக்க வைத்ததையும், படத்தையொட்டி அத்தகைய பிள்ளைகளுக்காகச் சலாம் பாலக் அறக்கட்டளை பிறந்ததையும் விட்டுவிட்டார். கிருஷ்ணாவாக நடித்துத் தேசிய விருது வாங்கிய ஷஃபீக் சையத், பின்னாளில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டினார். அதையும் மறைத்துவிட்டு 'நம்பிக்கையூட்டும் படம்' என்று எப்படி முடிக்கிறார்?